‘கர்ப்பப்பை இருக்கா, எடுத்தாச்சா?’

மதுரையில் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து மகளிர் மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் ஐம்பதை ஒட்டிய பெண் ஒருவர் வந்து உட்கார்ந்து, “உடம்பெல்லாம் காந்துது, திடீர் திடீர்னு வேர்த்துக் கொட்டுது” என்று ஆரம்பித்தால், ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்பே அவர் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. “கர்ப்பப்பை இருக்கா, எடுத்தாச்சா?” ஹார்மோன் சிகிச்சையில் பாதி முடிவு இந்தப் பதிலிலேயே தீர்ந்துவிடும் என்பார்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. அதனால் வரும் தொல்லைகளுக்கு ஈஸ்ட்ரோஜனே மருந்து. ஆனால் அது கர்ப்பப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கும். கேட்பாரில்லாமல் தடித்துக்கொண்டே போனால் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். ஆகவே கர்ப்பப்பை இருப்பவருக்கு, உட்சுவரைக் கட்டுக்குள் வைக்கப் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எடுத்துவிட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

இன்று மாணவர்கள் ஒரு வரியில் ஒப்பிக்கும் இந்த விதிக்குப் பெண்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு, ‘பிரெமரின்’ என்ற பெயரில், அமெரிக்கா 1942-ல் அனுமதி தந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற நியூயார்க் மருத்துவர் ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்றொரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை போட்டால் பெண்மை என்றென்றும் நிலைக்கும் என்பது அதன் சாரம். புத்தகமும் விற்றது, மாத்திரையும் விற்றது. ஒன்பது ஆண்டு கழித்து, 1975-ல், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு கூடியிருந்தது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்க்கும் வழக்கம் அதன் பிறகே பரவியது.

டாக்டரம்மாவிடம் வருகிற பெண்களில் யாரும் “மெனோபாஸ்” என்று சொல்லி வருவதில்லை. படபடப்பு என்று இதய மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துக்கொண்டு வருவார்கள். தூக்கமில்லை என்று தூக்க மாத்திரை வாங்கியிருப்பார்கள். முட்டுவலிக்கு ஊசி போட்டிருப்பார்கள். “யாரைப் பாத்தாலும் எரிஞ்சு விழுறேன், மருமக என்னைய ஒரு மாதிரி பாக்குறா” என்பது கடைசியில் வரும். சித்திரை வெயில்தான் காரணம் என்று இரண்டு கோடையைக் கடத்திவிட்டு, மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாதபோது சந்தேகம் வந்து வருகிறவர்களும் உண்டு.

இரவு வியர்வை என்றதும் ஹார்மோன் சீட்டு எழுதிவிட நம் ஊரில் முடியாது என்பதில் அவர் கறார். எடை இறங்கியிருக்கிறதா, மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதா என்று கேட்பார். ஆம் என்றால் முதலில் சளிப் பரிசோதனை. காசநோய்க்கும் இரவு வியர்வை உண்டு. தைராய்டு கூடினாலும் படபடப்பு, வியர்வை, எரிச்சல் எல்லாம் வரும். சுகர் மாத்திரை போடுகிறவருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும்போதும் இதே மாதிரிதான் குப்பென்று வேர்க்கும். இந்த மூன்றையும் தாண்டித்தான் மெனோபாஸுக்கு வர வேண்டும். வந்த பிறகு பெரிய பரிசோதனை எதுவும் தேவையில்லை. 45 வயதைத் தாண்டியவருக்கு ஓராண்டாக மாதவிடாய் வரவில்லை என்றால் அதுவே போதும், ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் அளவு பார்த்து உறுதிசெய்ய ஒன்றுமில்லை. ஆய்வகங்கள் ‘மெனோபாஸ் பேக்கேஜ்’ என்று விற்கும் நீண்ட பட்டியலைக் கண்டால் அவருக்குக் கோபம்தான் வரும்.

இந்தச் சூடு எங்கிருந்து கிளம்புகிறது என்பது அவர் படித்த காலத்தில் தெளிவாகத் தெரியாத விஷயம். மூளையின் ஹைப்போதலாமஸில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்த அணுக்கள் பெருத்து, நியூரோகைனின்-பி என்ற பொருளை மிகுதியாகச் சுரந்து, வெப்பக் கட்டுப்பாட்டைக் குழப்புகின்றன. உடல் வெப்பம் இம்மியளவு ஏறினாலும் பெரிய சூடு என்று மூளை எண்ணிக்கொள்கிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சில நிமிடத்தில் உடம்பு சில்லிட்டுப் போகிறது. இது சில மாதத் தொல்லை என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அமெரிக்கப் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வு 2015-ல் வேறு கணக்கு சொன்னது. அடிக்கடி சூடு வரும் பெண்களுக்கு அது நீடிக்கும் இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள்.

“பல்லைக் கடிச்சுட்டு இருங்க, போயிரும்” என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்கள் இந்த எண்ணை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்க்கலாம்.

2002 ஜூலை அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை மாதாமாதம் வந்து ஹார்மோன் மாத்திரையின் பெருமை பேசிய மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் கால்சியம் விற்கப் போய்விட்டார்கள். மருந்தில் நன்றாக இருந்த பெண்கள் பத்திரிகைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “கேன்சர் வருமாமே?” என்று கேட்டார்கள். அமெரிக்க அரசு நடத்திய ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வின் ஒரு பகுதி அந்த மாதம் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. 16,608 பெண்கள். பாதிப் பேருக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்பதுதான் உலகெங்கும் தலைப்புச் செய்தி.

அந்த 26 சதவீதத்தை அவர் நோயாளிகளுக்குப் பிரித்துச் சொல்லும் விதம் இது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். பக்கவாதமும் நுரையீரல் ரத்தக்கட்டும் தலா எட்டுப் பேருக்குக் கூடின, மாரடைப்பு ஏழு பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு ஐந்து பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் ஆறு பேருக்கும் குறைந்தன. எட்டு என்பது பெரிதா சிறிதா என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணைச் சொல்லாமல் பயத்தை மட்டும் கொடுத்தனுப்புவது மருத்துவமாகாது என்பது அவர் கட்சி.

தலைப்புச் செய்தியில் வராத இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. எழுபதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள். சூட்டுக்கு மருந்து கேட்டு வருகிற 48 வயதுக்காரர்கள் அல்ல அவர்கள். பெரும்பாலோருக்கு மாதவிடாய் நின்று பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இதயத்தை இந்த மருந்து காக்குமா என்று பார்க்கவே ஆய்வு நடந்தது. ரத்தக் குழாய்களில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்த வயதில் தொடங்கினால் ஆபத்து, நின்ற பத்தாண்டுக்குள் அல்லது அறுபது வயதுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன. அதே ஆய்வின் மறுபகுதி, கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்தது. பக்கவாதம் கூடியதால் 2004-ல் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. நீண்டகாலம் பின்தொடர்ந்து 2020-ல் வெளியிட்ட கணக்கில் குறைந்தேயிருந்தது. இந்தச் செய்தி எந்தப் பத்திரிகைத் துண்டிலும் அவர் மேசைக்கு வரவில்லை.

அதற்காக மார்பகப் புற்றுநோய்ப் பயம் வெறும் புரளி என்று அவர் சொல்வதில்லை. 2019-ல் லான்செட் இதழ் உலக ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி ஒரு கணக்குப் போட்டது. மேலைநாட்டுப் பெண்கள் 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டு ஈஸ்ட்ரோஜனும் தினசரிப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் எடுத்தால், அடுத்த இருபது ஆண்டுகளில் ஐம்பது பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் இருநூறு பேருக்கு ஒருவர். இங்கே நோயின் அடிப்படை வீதமே குறைவு, ஆகவே கூடுதலும் குறைவாகவே இருக்கும். இருந்தாலும் இந்த எண்ணையும் சொல்லிவிட்டுத்தான் அவர் சீட்டு எழுதுவார்.

இப்போது அவர் பெரும்பாலும் எழுதுவது ஈஸ்ட்ரோஜன் ஜெல். பம்பை அழுத்தினால் வரும் அளவைத் தினமும் கையிலோ தொடையிலோ தடவி, காயவிட்டுச் சேலை உடுத்த வேண்டும். மார்பில் தடவக் கூடாது, காயும்வரை பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே ரத்தம் உறைய வைக்கும் பொருட்களைத் தூண்டிவிடுகிறது. தோல் வழியே போவது நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஃபிரான்ஸில் நடந்த ‘எஸ்தர்’ ஆய்வில், மாத்திரை விழுங்கியவர்களுக்குக் காலில் ரத்தக்கட்டு பல மடங்கு கூடியிருந்தது, தோல் வழியே எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. எடை கூடியவர், ரத்த அழுத்தக்காரர், சுகர்க்காரர் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஒட்டுப்பட்டையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் மதுரை வியர்வையில் அது ஒட்டி நிற்பது கடினம் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

மாத்திரையை அவர் ஒதுக்கிவிடவில்லை. ஒல்லியான, வேறு வியாதி இல்லாத, ஐம்பதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு எஸ்ட்ராடையால் வேலரேட் ஒரு மில்லிகிராம் மலிவானது, மூலைக்கடையிலும் கிடைக்கும். குறைந்த அளவில் தொடங்குவார். இரண்டு மூன்று வாரத்தில் சூடு தணியத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். ஒரு வாரம் போட்டுவிட்டுப் “பிடிக்கல” என்று நிறுத்துகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

கர்ப்பப்பை இருப்பவருக்குக் கூட்டு மருந்தாக இரவில் ஒரு புரோஜெஸ்டிரோன் காப்ஸ்யூல். இயற்கை ஹார்மோனின் அதே வடிவம் இது, கொஞ்சம் தூக்கத்தையும் தரும். தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்களுக்கு இந்தப் பக்கவிளைவுதான் பிடித்துப்போகிறது. ஃபிரெஞ்சுப் பெண்களைப் பின்தொடர்ந்த ‘ஈ3என்’ ஆய்வில், பழைய செயற்கைப் புரோஜெஸ்டின்களை விட இதில் மார்பக ஆபத்து குறைவாகத் தெரிந்தது. மாதத்தில் பன்னிரண்டு பதினான்கு நாள் மட்டும் கொடுத்தால் நிறுத்தியதும் மாதவிடாய் போல ரத்தம் வரும். அங்கேதான் சிக்கல். “நின்னுச்சேன்னு நிம்மதியா கோயில் குளம்னு போயிட்டிருந்தேன், திரும்ப வர வச்சிட்டீங்களே” என்று ஒரு பெண் சண்டைக்கே வந்தார். அடுத்த தை மாதம் சபரிமலை போகத் திட்டமிட்டிருந்தவர். நின்று ஓராண்டு கடந்தவர்களுக்குத் தினசரி கொடுத்து ரத்தப்போக்கே இல்லாமல் பார்த்துக்கொள்வது இப்போது அவர் வழக்கம். இன்னும் மாதவிடாய் தாறுமாறாக வந்துகொண்டிருக்கும் 46, 47 வயதுக்காரருக்கு ஹார்மோன் சுரக்கும் ‘மிரெனா’ கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தி, கூடவே ஜெல் தடவச் சொல்வதும் உண்டு. பெரும்போக்கும் நிற்கும், உட்சுவருக்கும் காவல்.

எல்லாம் நின்று ஓராண்டான பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஸ்கேன் செய்து உட்சுவரின் தடிமனைப் பார்த்தாக வேண்டும். இதில் அவரிடம் தாட்சண்யமே கிடையாது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு, மார்பகப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் ஆகியவை இருப்பவருக்கு ஹார்மோன் கிடையாது என்று கைவிரித்துவிடுவார். ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். மன அழுத்தத்துக்குத் தரும் வென்லாஃபாக்சின், நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின் ஆகியவை சூட்டைக் கணிசமாகக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவருக்கு மன அழுத்த மருந்துகளில் பராக்செடினைத் தரக் கூடாது, அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுத்துவிடும். நியூரோகைனின் வழியையே அடைக்கும் ஃபெசோலினெடன்ட் மாத்திரைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கல்லீரலை அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அடுத்த ஆண்டே சேர்ந்தது. சோயா, தண்ணீர்விட்டான் கிழங்கு என்று தானே வாங்கிச் சாப்பிடுகிறவர்களை அவர் திட்டுவதில்லை, பெரிய பலனை எதிர்பார்க்காதீர்கள் என்பார். வயதுக்கு வந்தபோது உளுந்தங்களி கிண்டிப்போட்டு நல்லெண்ணெய் ஊற்றிய வீட்டில், நின்றுபோகும்போது என்ன ஏது என்று கேட்க ஆளில்லை என்பது மட்டும் அவருக்கு உறுத்தும்.

திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு என்று வந்து ஆண்டிபயாடிக் வாங்கிப்போகும் அறுபது வயதுப் பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு, சிறுநீர்ப் பாதையும் சேர்ந்து பலவீனமாகியிருக்கும். கணவரோடு சேரும்போது உயிர்போகும் வலி இருக்கும், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எஸ்ட்ரியால் கிரீமை இரண்டு வாரம் தினமும் இரவில் உள்ளே வைத்து, பிறகு வாரம் இரண்டு நாள் தொடர்ந்தால் போதும். உடம்பில் கலப்பது மிகச் சொற்பம் என்பதால் புரோஜெஸ்டிரோன் துணை தேவையில்லை, எழுபது வயதிலும் தொடங்கலாம். இவ்வளவு எளிய மருந்து இவ்வளவு குறைவாக எழுதப்படுவது ஏன் என்பது அவருக்கு இன்றும் புரியவில்லை.

ஆனால் அவருடைய உண்மையான ஆதங்கம் வேறு. தேனி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து முப்பத்தெட்டு, நாற்பது வயதில் வருகிற பெண்கள். “கர்ப்பப்பையில புண்ணு இருக்கு, விட்டா கேன்சராயிரும்னு எடுத்துட்டாங்க” என்பார்கள். சினைப்பையை வைத்திருக்கிறார்களா என்று கேட்டால் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தால் ‘டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.’ என்று ஒரு வரி இருக்கும். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையும் போய்விட்டன என்று அர்த்தம். இயற்கையாக நிற்கும்போது ஹார்மோன் சில ஆண்டுகளில் மெல்ல இறங்கும். இவர்களுக்கு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. சூடும் கடுமை, எலும்புத் தேய்மானமும் முன்கூட்டியே தொடங்கிவிடும்.

2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். ஆந்திரத்தில் 8.9 சதவீதம், தெலங்கானாவில் 7.7 சதவீதம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், மாதவிடாய் நாட்களில் கூலி போய்விடும் என்று கரும்பு வெட்டும் பெண்கள் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட கதை 2019-ல் நாடெங்கும் பேசப்பட்டது. அவர்களுக்கு அதன்பின் என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்று கேட்டவர்கள் குறைவு.

2002-ன் பயம் இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்த ஆய்வு ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்தது. உடம்பு தானாகவே ஈஸ்ட்ரோஜன் சுரந்திருக்க வேண்டிய வயதில், இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பைகளையும் எடுத்து, ஈஸ்ட்ரோஜனும் பெறாத பெண்களிடம் இறப்பு வீதம் கூடியிருந்தது. தடை ஏதும் இல்லாவிட்டால் இயற்கையாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் சொல்வது. மேலைநாட்டில் அந்த வயது 51, இந்தியாவில் 46, 47-ஐ ஒட்டி. கர்ப்பப்பையும் இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், கொடுப்பதும் எளிது. ஆனால் மருந்து அதிகம் தேவைப்படும் இவர்களுக்குத்தான் அது எட்டுவதேயில்லை. இணையத்தில் படித்துவிட்டு “ஜெல் எழுதித் தாங்க” என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கத்து ஐம்பது வயதுக்காரர்கள்.

2025 நவம்பரில் அமெரிக்க அரசு, ஹார்மோன் மருந்துப் பெட்டிகளில் 2003 முதல் இருந்துவந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியே கொடுப்பது பற்றிய எச்சரிக்கை மட்டும் தொடரும். இதைக் கொண்டாட டாக்டரம்மா தயாரில்லை. 1966-ல் எல்லோருக்கும் நல்லது என்றார்கள், 2002-ல் எல்லோருக்கும் கெட்டது என்றார்கள், இனி மறுபடி எல்லோருக்கும் நல்லது என்று விற்பனைக்கு வருவார்கள் என்கிறார்.

கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் மருத்துவமனையில் நகல் கேளுங்கள். அதில் ‘பி.எஸ்.ஓ.’ என்று எழுதியிருந்து, அறுவை நடந்தபோது உங்களுக்கு 45 வயது ஆகியிருக்காவிட்டால், சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தத் தாளோடு ஒரு மகளிர் மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.